45 டிகிரியில் மட்டும் கெட்ட தளவிளைவு

பின்னிப் பிணைந்த ஃபோட்டான் இணைகளில் ஒன்றன் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) மற்றதன் தளவிளைவோடு தொடர்புடையது. அவற்றை அளந்தபோது, தொடர்பின் தெளிவு (அத்தொடர்பு எவ்வளவு வலுவாகத் தெரிகிறது என்பதன் அளவு) கிடை, செங்குத்துத் திசைகளில் 97 சதவீதமாக இருந்தது; ஆய்விகளை (ஒரு திசைத் தளவிளைவை மட்டும் கடத்தும் வடிகட்டிகளை) 45 டிகிரிக்குத் திருப்பியதும் 60 ஆகச் சரிந்தது. உணர்கருவிகளை இடம் மாற்றினேன், படிகங்களை மறுபடி நேர்செய்தேன், தளவிளைவுத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டின் தொடக்கக் கோணத்தைச் சரிபார்த்தேன். நான்கு நாட்கள் வீணாயின.

பிறகு, ஃபோட்டான்களின் அதே 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கற்றையை 45 டிகிரி தளவிளைவுடன் ஒரு பாதையில் செலுத்தினேன். கற்றையைத் திருப்பும் ஆடிக்கு முன்னால் ஆய்வியைச் சுழற்றியபோது ஒளி முற்றிலும் அணைந்தது. ஆடிக்குப் பின்னால் எந்தக் கோணத்திலும் மங்கலான புள்ளி ஒன்று எஞ்சியது. பல அடுக்குப் பூச்சுள்ள அந்த ஆடி, கிடைக் கூறுக்கும் செங்குத்துக் கூறுக்கும் இடையே கட்ட வேறுபாட்டை (ஓர் அலை மற்றதைவிட முந்துவதை அல்லது பிந்துவதை) உண்டாக்கி, நேர்கோட்டுத் தளவிளைவை நீள்வட்டமாக்கியிருந்தது. கிடை ஒளியோ செங்குத்து ஒளியோ தனியே சென்றால் அதன் தளவிளைவு மாறுவதில்லை, எதிரொளிப்பும் குறைவதில்லை; அதனால்தான் வழக்கமான சோதனைகளில் இக்குறை அகப்படவில்லை.

அந்தக் கட்ட வேறுபாட்டை ஈடுசெய்ய, ஒளியச்சு செங்குத்தாக அமைந்த மெல்லிய குவார்ட்ஸ் தகட்டை ஆடிக்குப் பின் வைத்து, அப்புள்ளி மறையும்வரை செங்குத்து அச்சைச் சுற்றிச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். இறுதியாக உடன்நிகழ் எண்ணிக்கையை (இரு உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் ஃபோட்டானைப் பதிந்த தடவைகளை) பார்த்து இம்மியளவு திருத்தியதும், 45 டிகிரியிலும் தெளிவு 94 சதவீதத்தைத் தொட்டது; பெரும் நிம்மதி.