சின்ன கேபினட்டில் வாட்டர் கூலிங்: வாங்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

கம்ப்யூட்டர் கேபினட் பெட்டியின் மேல் "240 மிமீ ரேடியேட்டர் சப்போர்ட்" (பிராசஸர் சூட்டை வாங்கி வரும் தண்ணீர் ஃபேன் காற்றில் ஆறும் பாகம்தான் ரேடியேட்டர்), "320 மிமீ கிராஃபிக்ஸ் கார்டு சப்போர்ட்", "மூன்று ஸ்லாட் கார்டு போடலாம்" என்று வரிசையாக அடித்திருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே உண்மைதான். மூன்றையும் ஒரே நேரத்தில் உள்ளே வைக்க முடியுமா என்பதை மட்டும் எங்கேயும் சொல்ல மாட்டார்கள். சின்ன கேபினட்டில் வாட்டர் கூலிங் போட ஆசைப்பட்டு மாட்டிக்கொள்பவர்களில் பாதிப்பேர் மாட்டுவது இங்கேதான். நமக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது, ஏனென்றால் வேலூரில் இந்த மாதிரி கேபினட்டைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்க வழி குறைவு. ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். அங்கே கேட்டால் "எல்லாம் உட்காரும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். உட்காரவில்லை என்றால் மறுபடி ரயில்.

முதலில் இந்த லிட்டர் மோகம். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன வகை மதர்போர்டு 170க்கு 170 மிமீ, அதைச் சுற்றி எவ்வளவு குறைந்த கொள்ளளவில் கேபினட் கட்டலாம் என்பது ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. பத்து லிட்டர், பதினொரு லிட்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கணக்கு உள்ளே இடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. லியான் லி ஏ4-எச்2ஓ என்ற 11 லிட்டர் கேபினட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, மேலே 240 மிமீ ரேடியேட்டர் போடத்தான் அதை வடிவமைத்தே இருக்கிறார்கள். ஆனால் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து 55 மிமீ தடிமனுக்குள் இருக்க வேண்டும். சாதாரண ஏஐஓ (பிராசஸர் மேல் உட்காரும் பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக, தண்ணீர் நிரப்பியே வரும் ரெடிமேட் கூலர்) என்றால் ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, மொத்தம் 52, சரி, போய்விடும். அதே 240 அளவில் ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 வாங்கினால் அதன் ரேடியேட்டர் மட்டும் 38 மிமீ, ஃபேனோடு 63. கேபினட் பெட்டியிலும் 240 என்றுதான் இருக்கும், கூலர் பெட்டியிலும் 240 என்றுதான் இருக்கும், மூடி மட்டும் மூடாது. 15 மிமீ மெல்லிய ஃபேன் போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள், 53 ஆகிவிடும்தான், ஆனால் சின்ன இடத்தில் காற்றைத் தள்ளும் பலத்தைக் குறைத்துவிட்டு தடித்த ரேடியேட்டருக்குக் காசு கொடுப்பதில் என்ன லாபம்?

240 என்ற எண்ணிலேயே இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. இரண்டு 120 மிமீ ஃபேன் பொருந்தும் என்பதற்கான அடையாளம்தான் அது. ரேடியேட்டரின் நிஜ நீளம் சுமார் 275 முதல் 280 மிமீ வரை போகும், ஏனென்றால் இரண்டு முனையிலும் தண்ணீர் திரும்பும் தொட்டி இருக்கிறது, அதில் ஒரு முனையில் டியூப்கள் வேறு வெளியே வரும். 280 ரேடியேட்டர் என்றால் 310க்கு மேல். அந்த டியூப் வரும் முனைதான் முன்பக்க யூஎஸ்பி ஒயரிலோ கிராஃபிக்ஸ் கார்டின் வாலிலோ போய் இடிக்கும். ஆர்டர் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள், பைசா செலவில்லை. பழைய கொரியர் அட்டைப்பெட்டியை வெட்டி, கூலர் கம்பெனி தளத்தில் போட்டிருக்கும் நீளம், அகலம், ஃபேனோடு சேர்ந்த தடிமன் மூன்றையும் வைத்து ஒரு கட்டை செய்யுங்கள். கார்டுக்கும் ஒன்று. டியூப் வெளியே வரும் முனையில் ஒரு நாலு செண்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள், டியூப் சட்டென்று செங்கோணத்தில் மடங்காது. கேபினட்டின் உள் அளவுகளைத் தரையில் சாக்பீஸால் வரைந்து இரண்டு அட்டைக் கட்டைகளையும் அதில் வைத்துப் பாருங்கள். ராம் குச்சி எவ்வளவு உயரம், மதர்போர்டின் 24 பின் கனெக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, அதில் ஒயரைச் செருக விரல் போகுமா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கார்டு விஷயத்தில் நீளத்தை மட்டும் பார்ப்பது வழக்கமான தவறு. அகலமும் தடிமனும்தான் சின்ன கேபினட்டில் உயிரை எடுக்கும். புது கார்டுகளில் பவர் ஒயர் கார்டின் பக்கவாட்டில் செருகப்படுகிறது, 12 வோல்ட் 16 பின் கனெக்டர் என்றால் செருகிய இடத்திலிருந்து 35 மிமீ வரை வளைக்காமல் விடச் சொல்கிறார்கள். கார்டு அகலம் 137 மிமீ என்று வைத்துக்கொண்டால், ஒயரோடு சேர்த்து 170 மிமீக்கு மேல் இடம் வேண்டும். கண்ணாடி மூடியை அழுத்தி மூடினால் மூடிவிடும், உண்மைதான். அந்த அழுத்தம் முழுக்க கனெக்டர் மேல் உட்கார்ந்திருக்கும், அதுவும் சூடாகிற கனெக்டர்.

கண்ணாடி என்றதும் கூலர் மாஸ்டர் என்ஆர்200 வகை ஞாபகம் வருகிறது. பதினெட்டு லிட்டர் சொச்சம், பக்கவாட்டில் 280 ரேடியேட்டர் வரை மாட்டலாம், முதல்முறை கட்டுபவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த அளவுதான். ஆனால் பக்கவாட்டில் ரேடியேட்டர் வைத்துவிட்டால் அந்தப் பக்கம் ஓட்டை போட்ட தகரத்தைத்தான் மூடியாகப் போட வேண்டும். கலர் லைட் எரியும் ஃபேனும் வேண்டும், கண்ணாடி வழியாகத் தெரியவும் வேண்டும், ரேடியேட்டரும் அங்கேயே வேண்டும் என்றால் காற்று எந்த வழியாக வரும்?

இனி வெயில். கூலரைப் பற்றி வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்து முடிவெடுப்பது நம் ஊருக்குப் பெரிய தவறு. அவர்கள் சோதிக்கும் அறை 21, 22 டிகிரி. இங்கே மே மாதம் வெளியே 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. சத்துவாச்சாரியில் மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவர் சூடு இறங்காது. எந்த வாட்டர் கூலரும் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 15 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய 15 ஏறும். 22 டிகிரி அறையில் 72 காட்டிய சிப் நம் 37 டிகிரி அறையில் 87 காட்டும். ரைசன் 7 7800எக்ஸ்3டி என்ற பிராசஸரின் உச்ச வரம்பு 89 டிகிரி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது போதாதென்று, மேலே உள்ள ரேடியேட்டர் காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினால் அது இழுப்பது அறைக் காற்று அல்ல, கிராஃபிக்ஸ் கார்டு சூடாக்கிவிட்ட காற்று. வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்படி மாட்டினால் பிராசஸர் சந்தோஷமாக இருக்கும், கார்டுக்குச் சூடான காற்று போகும். எது சரி என்றால் எந்தப் பகுதி அதிகம் சூடாகிறது என்பதைப் பொறுத்தது. விளையாடும்போது 7800எக்ஸ்3டி மாதிரி சிப் நூறு வாட் கூடத் தொடாது, கார்டு 250, 300 வாட் சாப்பிடும். அதாவது நாம் தண்ணீர் போட்டுக் குளிரவைப்பது வெப்பத்தின் சின்னப் பங்கைத்தான். கார்டுக்குக் கீழே அல்லது பக்கத்தில் நேராகக் காற்று வரும் ஓட்டை இல்லாத கேபினட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலூருக்கு வாங்க வேண்டாம்.

இதோடு ஒட்டி, 120 மிமீ ரேடியேட்டர் மட்டும் பிடிக்கும் கேபினட்டை "வாட்டர் கூலிங் கேபினட்" என்று நினைத்து வாங்குவதும் வீண். பிராசஸர் மேல் தண்ணீர் இல்லாமல் ஃபேனோடு நிற்கும் நல்ல டவர் ஏர் கூலரே அதற்கு ஈடுகொடுக்கும், பம்ப் கெட்டுப்போகும் கவலையும் கிடையாது. 170 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் 9 7900எக்ஸ் போட்டே ஆக வேண்டும், ஆனால் இடம் இல்லை என்றால், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் மெனு) பிராசஸரின் மின்சாரத்தைக் குறைக்கும் 65 வாட் ஈகோ மோடு இருக்கிறது, கேபினட்டோடு சண்டை போடுவதைவிட அது சுலபம். இன்னொன்று, ஏர் கூலரின் காற்று சாக்கெட்டைச் சுற்றியுள்ள பவர் பகுதிகள் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. ஏஐஓ போட்டதும் அந்தக் காற்று நின்றுவிடும். மதர்போர்டின் பின்பக்கம் ஒரு எஸ்எஸ்டி வேறு வெந்துகொண்டிருக்கும்.

பம்ப் எங்கே வருகிறது என்று பாருங்கள். டியூப் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஆவியாகும், உள்ளே காற்றுக்குமிழி சேரும், அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் பம்ப்பாக இருக்கக் கூடாது. ரேடியேட்டர் அடியில், பிராசஸர் மேலே என்ற அமைப்பு அதனால்தான் வேண்டாம் என்கிறோம். ரேடியேட்டர் மேலே படுத்தவாறு இருந்தால் நிம்மதி. நின்றவாறு என்றால் அதன் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருக்கட்டும், டியூப் நீளம் அனுமதித்தால் டியூப்கள் கீழ்ப்பக்கம் வரட்டும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை விஷயம் சின்னது: வழக்கமான ஏடிஎக்ஸ் வகை இந்தக் கேபினட்டுகளில் பெரும்பாலும் உட்காராது, எஸ்எஃப்எக்ஸ் வேண்டும், அது 125க்கு 100 மிமீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் 30 மிமீ கூடுதல் ஆழம், அந்த 30 மிமீ ஒயர்கள் மடங்குகிற இடம். ரைசர் கேபிள் (கிராஃபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பட்டை ஒயர்) உள்ள கேபினட் என்றால் அந்தக் கேபிள் எந்த பிசிஐஇ தலைமுறை என்று கேளுங்கள். பழைய 3.0 ரைசரில் 4.0 கார்டைச் செருகினால் திரை வராமல் போகலாம், பயாஸில் 3.0க்கு மாற்ற வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்டில் என்இசட்எக்ஸ்டி எச்1 கேபினட் வந்தால் எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று பார்த்து வாங்குங்கள். ரைசரைப் பிடிக்கும் திருகுகளால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் 2021-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஏஐஓ வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைத்துத் தண்ணீர் ஊற்றும் கஸ்டம் லூப்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: தண்ணீர் ஊற்றவும் வடிக்கவும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன கேபினட்டில் எல்லாவற்றையும் அடைத்த பிறகு வடிகால் வால்வு எங்கே என்று தேடுவது கொடுமை. அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் (சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். அப்புறம் தண்ணீர். பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீர் வாளியிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படிவதை தினமும் பார்க்கிறோம், அது பிளாக்கில் உள்ள முடி அளவு இடுக்குகளில் படிந்தால் என்ன ஆகும்? கேன் தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. டிஸ்டில்ட் வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து, அல்லது கம்பெனி கூலன்ட். இந்தச் செலவையும் வேலையையும் பார்த்துவிட்டு ஏஐஓவுக்கே திரும்பி வந்தவர்கள் நிறைய, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விஐடி ஹாஸ்டல் பசங்கள் சின்ன கேபினட் கேட்பதற்குக் காரணம் நியாயமானது, செமஸ்டர் முடிந்தால் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஏஐஓ என்றால் தாங்கும், கார்டை மட்டும் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காட்பாடியிலிருந்து அதன் கனம் முழுக்க ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டே வரும். கஸ்டம் லூப்பை வடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பி, மற்ற பாகங்களுக்குக் கரண்ட் போகாமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு ராத்திரி பாருங்கள், ஈரம் தெரியவில்லை என்றால் ஒயர்களை மாட்டுங்கள்.