கொடைக்கானலில் வாடகைக்கு விடும் வீட்டுக்கு எந்த கீசர் வாங்குவது?

வில்பட்டி பக்கம் எங்களுக்கு இரண்டு பாத்ரூம் உள்ள சின்ன வீடு ஒன்று இருக்கிறது, சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். முதல் டிசம்பரில் வந்த ஒரு அம்மா, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அடுப்பில் குண்டான் வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கே கீசரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அப்போது மாட்டியிருந்தது 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், அதாவது தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் ஓட ஓடச் சூடாக்கும் வகை.

முதலில் தண்ணீரின் குளிரை அளந்துகொள்ளுங்கள். ஜனவரி காலையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி. குளிக்க 40 வேண்டும். கீசர் 60 டிகிரிக்குச் சூடாக்கினால், 25 லிட்டர் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவி ஏறக்குறைய 40 லிட்டர் கிடைக்கும், அதாவது 20 லிட்டர் பக்கெட்டில் இரண்டு பேர் குளிக்கலாம். ஷவர் என்றால் ஒருவருக்கே சரியாகப் போய்விடும்.

அடுத்தது வோல்டேஜ். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கடையில் கேட்டபோதும் "நாலு பேருக்கு இது தாராளமா போதும் சார்" என்றுதான் சொன்னார்கள். காலை ஆறரை மணிக்கு, அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் கீசர் ஓடும் நேரத்தில், மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 180 வோல்ட். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் சூடும் அதே அளவுதானே குறையும் என்று நினைக்காதீர்கள், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 கிலோவாட்தான் கொடுக்கும். அதில் ஒரு பக்கெட் நிரம்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். குழாயைக் கொஞ்சம் அதிகம் திறந்தால் வெதுவெதுப்புகூட வராது. எங்கள் பழைய ஹீட்டரில் ஒரு பழுதும் இல்லை, இடத்துக்குப் பொருந்தாத ஹீட்டர், அவ்வளவுதான்.

அதனால் மலையில் தொட்டி உள்ள ஸ்டோரேஜ் கீசர்தான் என் தேர்வு, பாத்ரூமுக்கு ஒன்றாக 25 லிட்டர், 2 கிலோவாட், ஐந்து ஸ்டார். சரியான வோல்டேஜில் 12-லிருந்து 60 டிகிரிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும், 180 வோல்டில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆனால் இதில் முன்கூட்டியே சூடாக்கி வைக்க முடியும். 16 ஆம்ப் தாங்கும் டைமர் சுவிட்ச் போட்டு நாலரை மணிக்கு ஓட விட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் வோல்டேஜ் நன்றாக வருகிறது. விருந்தாளிகள் எழுந்து வரும்போது தண்ணீர் தயாராக இருக்கும். இதற்குப் பிறகு வெந்நீர் பற்றி எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

கேஸ் கீசர் மட்டும் வேண்டவே வேண்டாம். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடிக்கொண்டுதான் எல்லாரும் குளிப்பார்கள். கேஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மூடிய பாத்ரூமில் அது ஆளைக் கொன்றுவிடும். சோலார் நல்லதுதான், ஆனால் மூடுபனியும் மழையும் சேர்ந்த நாட்களில் எப்படியும் கரண்ட் காயில் வேண்டும், சின்ன வீட்டுக்கு இரட்டைச் செலவு.

மாட்டும்போது ஒவ்வொரு கீசருக்கும் மீட்டர் போர்டிலிருந்தே தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் கட்டாயம். வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப், அதுவும் முடிந்தவரை குட்டையாக. சுவிட்சைப் போடுவதற்கு முன் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வராமல் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள், காலித் தொட்டியில் காயில் கருகிவிடும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர், கீசருக்கு அடியில் சொட்டுகிறது, அதை அடைத்துவிடலாமா என்று பிளம்பர் கேட்கிறார் என எழுதியிருந்தார். அடைக்கவே கூடாது! 25 லிட்டர் தண்ணீர் 12-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். உள்ளே வரும் லைனில் ஒருவழி வால்வு இருந்தால் அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை, அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக வெளியேறும். அதில் ஒரு சின்ன ட்யூபைச் சொருகி, தரையிலுள்ள வடிகாலுக்கு விடுங்கள். சூடாகாத நேரத்திலும் சொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.