சளிக் காலத்தில் 21 கிலோமீட்டருக்குத் தயாராவது

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அங்கன்வாடியிலிருந்து சின்னவள் சளியோடு வருவாள்; மூன்றாம் நாள் அது எனக்கும் ஒட்டிக்கொள்ளும். நாகர்கோவிலில் எங்கள் ஜூன் மாதம் இப்படித்தான். அரை மாரத்தான் பயிற்சியும் இதற்குள்தான் நடந்தாக வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். மூக்கொழுகல் மட்டும் என்றால், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் 20 நிமிடம் ஓடலாம். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ உடல்வலியோ இருந்தால் ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையையே பாதிக்கலாம். போன ஆண்டு பிடிவாதமாக ஓடிவிட்டு இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன். காய்ச்சல் முழுதும் விட்டபின் நடையில் தொடங்குங்கள். நெஞ்சு படபடத்தால் மருத்துவரிடம் போங்கள். தவறிய ஓட்டங்களை மறுவாரம் சேர்த்து ஓடாதீர்கள்.

விடியற்காலையில் மாமி அடுக்களையில் கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டதும் நான் கிளம்பிவிடுவேன். இரவில் பிள்ளை மூன்று முறை எழுப்பியிருந்தால் போகமாட்டேன், தூக்கமும் பயிற்சிதான்.

பகலில் தொட்டில்தான் என் உடற்பயிற்சிக்கூடம். சேலைத் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, மறுகையால் சுவரைப் பிடித்து, குதிகாலை மெதுவாக 15 முறை உயர்த்தி இறக்குவேன். சின்னவள் உறங்குவதற்குள் மூன்று சுற்று முடிந்துவிடும்.

ஞாயிறு நீண்ட ஓட்டம், சங்குத்துறை கடற்கரைப் பக்கம். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட கஞ்சியும் சிறுபயறும்.