பின் ஷாக்கில் காற்று நிற்கவில்லை: என் அனுபவம்

என் சைக்கிளின் பின்பக்க ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும், காற்றடைத்த குழாய்) ராத்திரி காற்றடித்து வைத்தால், காலையில் எண்ணூர் கடற்கரைச் சாலையில் பின்பக்கம் அமுங்கிவிடும். வால்வு கோர், அதாவது வால்வுக்குள் காற்றைத் தடுக்கும் சின்னப் பகுதி, அதை மாற்றியும் பயனில்லை. பம்ப் மீட்டரையும் நம்ப முடியாது: மாட்டும்போதே கொஞ்சம் காற்று ஹோஸுக்குள் போய்விடும், காற்றுக் கொள்ளளவு குறைந்த சின்ன ஷாக்கில் அளவு நன்றாகவே குறைத்துக் காட்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரு குமிழிகூட இல்லை. அப்புறம் நண்பனை சீட்டில் உட்காரவைத்துத் தடவினேன். தண்டு உள்ளே போகும் வாயில், ஒரே பக்கம் மட்டும், பொடிப்பொடியாக நுரை!

காற்றை முழுசாக இறக்கி, ஷாக்கை அழுத்திப் பார்த்து மறுபடி இறக்கிவிட்டுத்தான் வெளிக்குழாயைக் கழற்றினேன். காற்றோடு கழற்றினால் தெறிக்கும், ஆபத்து. காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான சீல் ஓரத்தில் உப்போடு கரித்தூள். துடைத்து, புது சீல் போட்டு, கிரீஸ் தடவினேன். காற்று நிற்கிறது, நிம்மதி. கடலோரம் ஓட்டுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் தண்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.