சாலிடிட்டி கோப்பு வேறு, செயினில் ஏறிய கான்ட்ராக்ட் வேறு

எத்தீரியம் பிளாக்செயினில் ஓடும் நிரலான கான்ட்ராக்டை நாம் சாலிடிட்டி மொழியில் எழுதுகிறோம். ஆனால் அந்தக் கோப்பு செயினுக்குப் போவதே இல்லை. கம்பைலர் அதை மாற்றித் தரும் இயந்திர வடிவமான பைட்கோடுதான் போகிறது. அதைச் செயினில் ஏற்றும்போது, அதாவது டெப்ளாய் செய்யும்போது, தொடக்க மதிப்புகளை அமைக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒரே ஒருமுறை ஓடும். அது முடிந்து மிஞ்சும் ரன்டைம் கோடு மட்டும் முகவரியில் பதியும். அதன் அளவு 24,576 பைட்டைத் தாண்டினால் டெப்ளாய் ஆகாது.

ஒரே கோடை இருமுறை டெப்ளாய் செய்தால் இரண்டு முகவரி, தனித்தனி ஸ்டோரேஜ் (கான்ட்ராக்ட் தன் தரவைச் சேமிக்கும் இடம்). கோப்பில் பிழையைத் திருத்தினாலும் பழைய முகவரியில் பழைய கோடுதான் ஓடும்.

அதிகம் பேர் சறுக்குவது பிராக்ஸியில்தான். அது அழைப்புகளை வாங்கி, லாஜிக் கான்ட்ராக்ட் எனும் இன்னொன்றின் கோடைக் கொண்டு இயங்கும் முகப்புக் கான்ட்ராக்ட். அங்கே லாஜிக் கான்ட்ராக்டின் கோடு, பிராக்ஸியின் ஸ்டோரேஜில் ஓடுகிறது. லாஜிக்கின் கன்ஸ்ட்ரக்டரில் உரிமையாளரை அமைத்தால் அது லாஜிக் முகவரியில் போய் உட்காரும். பிராக்ஸியில் பூஜ்ஜிய முகவரிதான் இருக்கும். எனவே உரிமையாளரை, பிராக்ஸி வழியே அழைக்கும் இனிஷியலைஸ் ஃபங்ஷனில் அமையுங்கள். பிராக்ஸி உருவாகும் அதே பரிவர்த்தனையிலேயே அதை அழைத்துவிடுங்கள். இடைவெளி விட்டால் வேறொருவர் முந்திக்கொள்ளலாம். லாஜிக் கான்ட்ராக்டிலும் வேறு யாரும் நேரடியாக இனிஷியலைஸை அழைக்க முடியாதபடி மறக்காமல் பூட்டுங்கள். 2017 நவம்பரில் பேரிட்டி வாலெட்டுகள் பல பகிர்ந்து பயன்படுத்திய பொது லைப்ரரி கான்ட்ராக்ட் இனிஷியலைஸ் செய்யப்படாமல் கிடந்தது. ஒருவர் அதற்கு உரிமையாளராகி அதை அழித்துவிட, அந்த வாலெட்டுகளில் இருந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) முடங்கிப்போனது.

எத்தீரியம் செயினைப் பார்க்க உதவும் எதர்ஸ்கேன் தளத்தில், உங்கள் கோப்பும் செயினில் உள்ள கோடும் ஒன்றே என்று வெரிஃபை ஆகவில்லையா? கம்பைலர் பதிப்பு, ஆப்டிமைசர் ரன்ஸ் எண்ணிக்கை, கன்ஸ்ட்ரக்டர் மதிப்புகள் மூன்றையும் சரிபாருங்கள். ஒரு கமெண்டை மாற்றினால்கூட பைட்கோடின் வால்பகுதியில் உள்ள மெட்டாடேட்டா ஹேஷ் (மூலக் கோப்பு, கம்பைலர் அமைப்பு ஆகியவற்றின் கைரேகை போன்ற எண்) மாறிவிடும். ஆகவே டெப்ளாய் செய்த அன்றே, கோடின் அந்தப் பதிப்பைச் சேமித்த கிட் கமிட்டுக்கு டேக் போட்டு, முகவரியையும் செயின் ஐடியையும் (எந்தச் செயின் என்று காட்டும் எண்) சேர்த்துக் குறித்துவையுங்கள்.