ஏற்காட்டுக் குளிரில் எக்நாக் எத்தனை நாள் தாங்கும்?

டிசம்பரில் ஏற்காட்டுக் குளிரை நம்பி, முட்டை, பால், சர்க்கரை சேர்த்துச் செய்யும் எக்நாக் பானத்தை அடுப்பு மேடையிலேயே மூடி வைக்காதீர்கள். சமையலறை 15 டிகிரிக்கு இறங்கியிருந்தாலும் அது ஃப்ரிட்ஜ் ஆகாது. முட்டையும் பாலும் சேர்ந்த பண்டத்தில் 4 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும். வெளியே மொத்தம் 2 மணி நேரம்தான் வைக்கலாம். கீழே சேலத்தில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். அதற்கு மேல் போனதைக் கொட்டிவிடுங்கள். மறுபடி காய்ச்சிக் குடிக்க வேண்டாம். சில கிருமிகள் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

எத்தனை நாள் தாங்கும் என்பது காய்ச்சும்போதே முடிவாகிவிடுகிறது. 4 முட்டை, 75 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் பால். முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் முட்டை வெந்து கட்டிகட்டியாகும். சிறு தீயில் கைவிடாமல் கிண்டி 71 டிகிரி வரட்டும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். 80ஐத் தாண்டினால் திரியத் தொடங்கும். உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, மூடி போட்ட பாட்டிலில் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். இப்படி வைத்தால் 2, 3 நாள் தாங்கும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதவரை 4 மணி நேரம் பயமில்லை.

ரம் ஊற்றினால் கெடாது என்பதை நம்பவே கூடாது. 1 லிட்டருக்கு 42.8 சதவீத ரம் 250 மில்லி சேர்த்தால் ஆல்கஹால் 9 சதவீதத்தைக்கூடத் தொடாது. கிருமியை அடக்க 20 சதவீதமாவது வேண்டும். அதற்கு ஏறக்குறைய 880 மில்லி ஊற்ற வேண்டும்!

மேலே தெளிந்து கீழே கெட்டியாக நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல, குலுக்கினால் சேரும். புளித்த வாடை, குலுக்கியும் கரையாத கட்டி, இழுபடும் பிசுபிசுப்பு, பாட்டில் மூடி உப்புவது இவைதான் கெட்டதன் குறி. ஆனால் சால்மோனெல்லா என்ற கிருமிக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. ஆகவே மூக்கை விட நாள் கணக்கே பெரிது. பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்குப் பச்சை முட்டையில் செய்ததைக் கொடுக்கவே வேண்டாம்.

மிஞ்சுவதை முதல் நாளே ஃப்ரீசரில் போடலாம். பாட்டிலில் மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள், உறையும்போது விரியும். குடிப்பதற்கு முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருக்குங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் மிக்சியில் ஒரு சுற்று விட்டால் சரியாகும்.