வீட்டுச் சைக்கிளும் சாலைச் சைக்கிளும்: சென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிக்க விரும்பும் சென்னைவாசிக்கு முதலில் எழும் கேள்வி, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளை வாங்குவதா, சாலையில் ஓட்டும் சைக்கிளை வாங்குவதா என்பதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாதவர்கள் வீட்டுச் சைக்கிளில் தொடங்கி, உட்காரும் முறையும் மூச்சும் பழகிய பிறகு சாலையில் இறங்குவதே நல்லது. கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் உள்ள இந்த ஊரில், சாலையை மட்டும் நம்பியவரின் பயிற்சி ஆண்டுக்கு இரண்டு முறையாவது அறுந்துபோகும். வீட்டுச் சைக்கிளை மட்டும் நம்பியவருக்கோ சமநிலையும் சாலைக் கவனமும் கைவராது. எனவே இரண்டையும் எந்த வரிசையில் பழகுவது என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: உடல்நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், நெடுங்காலம் உடற்பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடக்கூடும். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: வீட்டுச் சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்

கடைகளில் பொதுவாக நான்கு வகைகள் கிடைக்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சாதாரண வகை பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது. முதுகுக்குச் சாய்மானம் உள்ள வகை, முதுகுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வசதியானது, ஆனால் அறையில் அதிக இடத்தைப் பிடிக்கும். கைப்பிடிகளும் சேர்ந்து முன்னும் பின்னும் அசையும் ஏர் பைக்கில், சக்கரத்தில் உள்ள விசிறித் தகடுகளே எதிர்ப்பைக் கொடுப்பதால், வேகமாக மிதிக்க மிதிக்க அது கடினமாகிக்கொண்டே போகும்.

நான்காவதான ஸ்பின் பைக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் கனமான சக்கரமும் பெடலும் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். சாலைச் சைக்கிளில் காலை நிறுத்தினால் பெடலும் நின்றுவிடும். இதில் நீங்கள் காலை நிறுத்தினாலும் சக்கரம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வேகமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது காலை வெளியே எடுத்தால் பெடல் கெண்டைக்காலில் அடித்துவிடும். ஆகவே ஏறி உட்காருவதற்கு முன்பே, முன்புறம் உள்ள குமிழை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் விதத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் குமிழை நன்றாக இறுக்கிவைத்த பிறகே அறையை விட்டு வெளியே வர வேண்டும்.

இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில், சக்கரத்தை ஒரு பட்டை அழுத்திப் பிடிக்கும் முறையைவிடக் காந்த முறை நல்லது. உராய்வு இல்லாததால் சத்தம் குறைவு, தேய்மானமும் இல்லை. கடையில் வெறுமனே பார்த்துவிட்டு வராமல் ஏறி உட்கார்ந்து சில நிமிடங்களாவது மிதித்துப் பாருங்கள். சீட்டு உங்கள் உயரத்துக்கு ஏறுகிறதா, எழுந்து நின்று மிதித்தால் ஆடுகிறதா, உங்கள் எடையை அது தாங்கும் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.

படி 3: இடத்தையும் காற்றையும் சரிசெய்யுங்கள்

மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பமாக மாறுகிறது. சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்க்காற்று அந்த வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். அறைக்குள் அந்தக் காற்று இல்லை. அதோடு கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் முகவாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கிறது. வீட்டுச் சைக்கிளை வாங்கிய பலர் அதைச் சில வாரங்களில் துணி காயப்போடும் கொடியாக்கிவிடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல, இந்தப் புழுக்கமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே சன்னலோரமாகச் சைக்கிளைப் போட்டு, மார்புக்கு நேராகக் காற்று வரும்படி ஒரு டேபிள் ஃபேனையோ பெடஸ்டல் ஃபேனையோ எதிரில் வையுங்கள். மேலே சுற்றும் மின்விசிறி மட்டும் போதாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சைக்கிளுக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பைப் போட்டால் டைல்ஸ் கீறாது, கீழ்வீட்டுக்காரருக்கும் அதிர்வு கேட்காது.

படி 4: சீட்டைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்தப் படியைக் கடைப்பிடியுங்கள். புதியவர்களில் மிகப் பலர் இரண்டு பாதங்களும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில நாட்களில் முட்டியின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். "முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லித்தான் வாங்கினேன், இப்ப முட்டிதான் வலிக்குது" என்றார். சீட்டு கடைசித் துளையில் இருந்தது. "பெரியம்மா, இந்த சைக்கிள் சாயாது, கால் தரையில் பட வேண்டிய அவசியமே இல்லை" என்று சொல்லித் துளை துளையாக ஏற்றினோம். புதிய உயரத்துக்குப் பழகியபின் அவருக்கு அந்த வலி வரவில்லை.

உயரத்தை அமைக்கும் முறை எளிது. சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, சீட்டின் மேற்பரப்பை உங்கள் இடுப்பெலும்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை மிகக் கீழே இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் அந்த நிலையில் நேராக நீண்டிருக்க வேண்டும். மிதிக்கும்போது குதிகாலுக்குப் பதிலாகப் பாதத்தின் முன்பகுதியை வைப்பீர்கள் என்பதால், முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை இயல்பாக மடங்கி நிற்கும். வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு ஒரு துளை அதிகம் ஏறிவிட்டது என்று பொருள். முட்டியின் பின்பக்கம் வலித்தாலும் அதே காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தி, ஒரு நூலின் நுனியில் சாவியைக் கட்டி, முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லின் அடியிலிருந்து தொங்கவிடுங்கள். சாவி பெடலின் அச்சுக்கு நேராகத் தொங்கினால் சரி. அதைத் தாண்டி முன்னால் தொங்கினால் சீட்டைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். கைப்பிடி, தொடக்கத்தில் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கட்டும். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே சைக்கிளைப் பயன்படுத்தினால், சீட்டுக் கம்பியில் அவரவர் துளைக்கு நேராக வெவ்வேறு நிற நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

படி 5: முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிடம் போதும். இரண்டாம் வாரம் பதினைந்து, மூன்றாம் வாரம் இருபது, நான்காம் வாரம் இருபத்தைந்து நிமிடம் என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் மூன்று நிமிடங்களும் கடைசி மூன்று நிமிடங்களும் இறுக்கமில்லாமல் மெதுவாக மிதிப்பதற்கானவை.

எவ்வளவு கடினமாக மிதிப்பது என்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்; அதுவே மிதமான பயிற்சி. எண்ணாகப் பார்க்க விரும்புபவர்கள், 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 60 முதல் 70 விழுக்காடு வரையிலான இதயத்துடிப்பில் இருக்கலாம். நாற்பது வயதினருக்கு அது நிமிடத்துக்கு 108 முதல் 126 வரை வரும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சையே அளவாகக் கொள்ளட்டும்.

பெடல் நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்று வரை சுற்றட்டும். வலது முட்டி மேலே வருவதைப் பதினைந்து விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்கினால் சுற்றின் எண்ணிக்கை கிடைத்துவிடும். பழகப் பழக 80க்குக் கொண்டுபோகலாம். இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டு மெதுவாக அழுத்தி மிதிப்பது முட்டிக்குச் சுமை.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நான்கு வாரத்தில் அந்த 150ஐ எட்ட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். உடல் எடையைக் கால்கள் தாங்காத பயிற்சி இது என்பதால், எலும்பின் வலுவுக்கு நடையைக் கைவிடாமல் இருப்பதும் முக்கியம்.

திரையில் தெரியும் கிலோமீட்டரையும் கலோரியையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை குறைந்த பல சைக்கிள்களில் அந்தக் கணக்கு பெடல் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது. இறுக்கமே இல்லாமல் காலைச் சுழற்றினாலும், மூச்சு முட்ட மிதித்தாலும் அது ஒரே தூரத்தைக் காட்டும். நிமிடத்தை எழுதி வையுங்கள், அது பொய் சொல்லாது.

படி 6: சாலைக்கு இறங்குங்கள்

இருபத்தைந்து நிமிடம் சிரமமின்றி மிதிக்க முடிந்த பிறகு சாலைக்கு வரலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வீட்டில் ஓய்வே இல்லாமல் மிதிப்பீர்கள். சாலையில் சிக்னலிலும் இறக்கத்திலும் கால் ஓய்ந்திருக்கும். அதனால் வீட்டில் செலவிட்ட அரை மணி நேரம், சாலையில் செலவிட்ட அரை மணி நேரத்தைவிடக் கால்களுக்குக் கடினமாக இருப்பது இயல்பு. ஆனால் சாலையில் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வயிறு, முதுகு, தோள் எல்லாம் உழைக்கின்றன, கண்ணும் காதும் விழித்திருக்கின்றன. சென்னை பெரும்பாலும் சமதளம் என்பதால், இங்கே மேடு என்றால் பாலமும் மேம்பாலமும்தான். மலையின் வேலையை இந்த ஊரில் எதிர்க்காற்று செய்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். எனவே போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வருவது நல்லது.

முதலில் உங்கள் தெருவிலேயே, வண்டிகள் குறைந்த விடியற்காலையில், பிரேக் பிடித்து நிறுத்துவது, ஒரு கையை விட்டுச் சைகை காட்டுவது, நேர்க்கோட்டில் ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் பழகுங்கள். மூன்றாவது கைவரும்வரை பெரிய சாலைக்குப் போகக் கூடாது. அதன் பிறகு அண்ணா நகரின் உட்தெருக்களும் பெசன்ட் நகர்க் கடற்கரைப் பகுதியும் ஞாயிறு காலைக்கு ஏற்றவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அணி அணியாகச் சைக்கிள் ஓட்டுபவர்களைப் பார்த்து ஆசை வருவது இயற்கை. அங்கே வண்டிகள் வரும் வேகத்தைக் கருதி, சில மாத அனுபவமும் கூட வரும் துணையும் இருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள்.

தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். இருட்டில் கிளம்பினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தை இடப்பக்கமாகக் கடந்தால், இறங்குகிற பயணி நேராக உங்கள்மேல் வந்து விழுவார். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே ஓட்டுங்கள். தெருநாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

படி 7: பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்

மார்கழி, தை, மாசி மாதங்கள் சாலைக்கே உரியவை. போகி அன்று காலையில் மட்டும் புகைமூட்டம் அடங்கும்வரை வீட்டிலேயே மிதியுங்கள், தீபாவளிக்கும் அப்படியே. பங்குனிக்குப் பிறகு விடிவதற்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மே மாதக் கடைசியில் சூரியன் 5.45 மணிக்கு முன்பே உதித்துவிடும். 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி வரை போன ஊர் இது. அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டுச் சைக்கிள்தான் பாதுகாப்பு. அப்போதும் மதியத்தைத் தவிர்த்து, தண்ணீரும் மோரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் சென்னை தன் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் பெறுகிறது. மழையில் நனைவதைவிட, தேங்கிய நீருக்கடியில் இருக்கும் பள்ளமும் திறந்த பாதாளச் சாக்கடையும் ஆபத்தானவை. தரை தெரியாத நீரில் சைக்கிளை இறக்கவே இறக்காதீர்கள்.

படி 8: பராமரிப்பு

கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற பகுதிகளில் பால்கனியில் நிற்கும் சைக்கிளின் திருகுகள் விரைவில் துருப்பிடிக்கும். வீட்டுச் சைக்கிளுக்கு வியர்வையே உப்பு நீர். ஒவ்வொரு முறை இறங்கியதும் கைப்பிடியையும் சீட்டுக் கம்பியையும் அதன் துளைகளையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சாலைச் சைக்கிளில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு வாரம் ஒரு முறை காற்றடியுங்கள். மழையில் ஓட்டி வந்த நாளில் செயினை நன்றாகத் துடைத்து உலர்த்தி, செயின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சிய எண்ணெயைத் துணியால் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் பிசுக்காகி மணலை ஒட்டவைத்துச் செயினைத் தேய்க்கும் என்பதால் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.